முதலில் விடைத்தாளை வாங்கு

திருவண்ணாமலை ரமண நகரில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற விலங்கியல் வாத்தியாரான என்னைத் தேடி இரண்டு வகைப் பெற்றோர் வருகிறார்கள். செங்கம், தண்டராம்பட்டு, புதுப்பாளையம் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் ஒரு வகை. மார்கழிப் புனர்பூசத்தில் பகவான் ரமணரின் ஜயந்திக்கென்று அமெரிக்காவிலிருந்து வந்து, ரமணாசிரமத்தைச் சுற்றி அறை எடுத்துத் தங்குகிறவர்கள் இன்னொரு வகை. உடையும் பேச்சும் வேறு. கேட்பது மட்டும் ஒன்றுதான். "முதல் வருஷத்திலேயே மார்க் போயிடுச்சு சார். இனிமே இவன் டாக்டர் ஆக முடியுமா?"

முடியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்கிறவர்கள் கட்டுரை முடியும்வரை காத்திருக்கிற நிலையில் இருப்பதில்லை. ஆனால் தவறிய பிள்ளைகளில் பலர் இரண்டாவது முறையும் தவறுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சோம்பேறிகள் குறைவு. அவசரப்பட்டவர்களே அதிகம். ரிசல்ட் வந்த அன்றைக்கே அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டக் கடைசித் தேதி எது என்று தேடுவார்கள், புதிய கோச்சிங் சென்டர் தேடுவார்கள், புதிய புத்தகம் வாங்குவார்கள். எதனால் மார்க் போயிற்று என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் எழுதும் அடுத்த தேர்வு, முந்தைய தேர்வையே திரும்ப எழுதுவதுதான்.

முதலாண்டில் மார்க் போவதற்குப் பெரும்பாலும் அறிவுக் குறைவு காரணமில்லை. தரை மாறுவதுதான் காரணம். பி.யூ.சி. என்ற ஓராண்டுப் புகுமுக வகுப்பு இருந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஊர்ப் பள்ளியில் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யைத் தமிழில் முடித்த பையன், கோடை விடுமுறை கழிந்து கல்லூரி பெஞ்சில் வந்து உட்காருவான். இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும். பாஷை பிடிபடுவதற்குள் பாதி வருஷம் போய்விடும்; மிச்சப் பாதியில் பல்கலைக்கழகத் தேர்வு வந்து நிற்கும். அந்த ஒரே ஒரு வருஷத்து மதிப்பெண்தான் மருத்துவக் கல்லூரிக் கதவைத் திறக்கும், அல்லது மூடும். பாட மதிப்பெண்ணை 200-க்குக் கணக்கிட்டு, நேர்முகத்துக்கு 75 சேர்த்து, மொத்தம் 275-க்கு ஆள் எடுத்தார்கள். நேர்முகத்துக்கு மட்டும் 75 என்பது அதிகமாகத் தெரிகிறது என்று பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1970-இல் சொன்னது. பள்ளியில் முதலாவதாக வந்த பிள்ளை பி.யூ.சி.யில் இரண்டாம் வகுப்போடு நிற்பதும், அதே பிள்ளை பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டில் மறுபடி முதலாவதாக வருவதும் அன்று சாதாரணம். மூளை அதே மூளைதான். தரை பழகிவிட்டது, அவ்வளவுதான். 1978-இல் பிளஸ் டூ வந்ததும் பி.யூ.சி. மறைந்தது. அந்த ஓராண்டில் சறுக்கியதால் மருத்துவத்தை மறந்துவிட்டு வேறு வேலைக்குப் போன நல்ல மாணவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

பட்டப்படிப்பு முடித்துவிட்டு மருத்துவத்துக்குப் போவதை இன்று தோற்றவர்களின் வழியாகப் பார்க்கிறார்கள். ஒரு காலத்தில் அது மரியாதையான வழி. அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1938-இல் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பி.ஏ. முடித்தார். அதன் பிறகே சென்னை ஸ்டான்லியில் படித்து 1944-இல் மருத்துவரானார். இருபது வயதுக்குள் எம்.பி.பி.எஸ். முதலாண்டில் உட்கார்ந்தே தீர வேண்டும் என்பது நாமாகப் போட்டுக்கொண்ட சட்டம்.

மருத்துவப் படிப்பின் முதலாண்டு எந்தக் காலத்திலும் எளிதாக இருந்ததில்லை. இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிற வேலூரில் 1918-இல் ஐடா ஸ்கடர் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். கருவிகள் குறைவு, கட்டடமும் சரியாக இல்லை. மாகாண மருத்துவத் துறைத் தலைவரே, உங்கள் பெண்கள் முதல் தேர்வில் தேறுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள் என்று எச்சரித்திருந்தார். ஆண்கள் பள்ளிகளில் ஐந்தில் ஒருவர் தேறுவதே பெரிது என்றிருந்த தேர்வு அது. முதல் தேர்வு முடிவு வந்தபோது தேர்வு எழுதிய 14 பெண்களும் தேறியிருந்தார்கள், அதில் நால்வர் முதல் வகுப்பு. வேலூர்ப் பெருமையாக இதைச் சொல்வார்கள். ஆசிரியனாக இருந்த எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று: ஆண்கள் பள்ளிகளில் தவறிய ஐந்தில் நான்கு பேர். அவர்கள் எல்லோரும் மூடர்களாக இருந்திருக்க முடியாது. பலர் மறுபடி எழுதித் தேறித்தானே இந்த மாகாணத்துக்கு மருத்துவர்கள் கிடைத்திருக்க வேண்டும்.

இன்றைய பிள்ளைக்குத் தரை இரண்டு முறை மாறுகிறது. பிளஸ் டூவில் பக்கம் பக்கமாக எழுதப் பழகுகிறான். நீட் வந்தால் நான்கு விடையில் ஒன்றைக் கறுப்பாக்க வேண்டும், தவறாகக் கறுப்பாக்கினால் ஒரு மார்க் போகும். அதற்கு ஓரிரு வருஷம் பழகி, எம்.பி.பி.எஸ். உள்ளே நுழைந்ததும் மறுபடி எழுதச் சொல்கிறார்கள், படம் போடச் சொல்கிறார்கள், வைவாவில் எதிரே உட்கார வைத்துக் கேட்கிறார்கள். அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி மூன்றும் சேர்ந்து வருகின்றன. நீட்டில் நல்ல ரேங்க் வாங்கிய பிள்ளை அனாடமியில் போவது இதனால்தான். வீட்டில் இருப்பவர்கள் 'ஹாஸ்டலில் சேர்க்கை சரியில்லை' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

எந்த மார்க் எங்கே கணக்கில் வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அழுகிறவர்கள் அதிகம் என்பதால் அதையும் சொல்கிறேன். இந்தியாவில் பி.எஸ்சி. முதலாண்டு அரியர், மருத்துவச் சேர்க்கையில் யார் கண்ணிலும் படுவதில்லை. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்து பொதுப் பிரிவுக்கு 50 விழுக்காடு, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 விழுக்காடு இருந்து, நீட்டில் தகுதி மதிப்பெண் வந்தால் போதும். வரிசை நீட் மதிப்பெண்ணில்தான். எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பில்லை. மேல் வயது வரம்பு 2022-இல் நீங்கிவிட்டது. அதற்கு முன்பே 2020-இல் ஒடிசாவைச் சேர்ந்த ஜெய் கிஷோர் பிரதான் என்ற ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி 64 வயதில் நீட்டில் தேறி புர்லா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். எம்.பி.பி.எஸ். உள்ளே போய் முதலாண்டில் தவறினாலும் உடனே துணைத்தேர்வு உண்டு. அதில் தேறினால் சேர்ந்த நண்பர்களோடேயே இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். 2023-ஆம் ஆண்டு விதிப்படி முதலாண்டை நான்கு முயற்சிக்குள் தாண்ட வேண்டும், படிப்பு முழுவதையும் ஒன்பது ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். பிறகு மேற்படிப்புக்கு நீட் பி.ஜி. தரவரிசைதான் பேசும், முதலாண்டில் அனாடமி போனதா என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே பட்டப்படிப்பு மார்க் ஒவ்வொன்றும் சுமையாகக் கூடவே வரும். முதலாண்டு கெமிஸ்ட்ரியில் சி வாங்கிவிட்டு மறுபடி எடுத்து ஏ வாங்கினாலும், எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் இரண்டையும் சேர்த்துத்தான் ஜி.பி.ஏ. போடுவார்கள். ஆஸ்டியோபதி கல்லூரிகளின் விண்ணப்பத்தில் முன்பு பழைய மார்க்கை விட்டுவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்வார்கள். 2017-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். அதனால் அங்கே மீள்கிற வழி ஆண்டுகளால் ஆனது. முதலாண்டு தாழ்ந்திருந்தாலும் இரண்டாம், மூன்றாம், நான்காம் ஆண்டுகள் ஒன்றுக்கு மேல் ஒன்று உயர்ந்திருப்பதைத் தேர்வுக்குழு பார்க்கிறது. போதவில்லை என்றால் பட்டத்துக்குப் பிறகு ஓரிரு ஆண்டு அறிவியல் பாடங்களை மட்டும் எடுத்துப் படித்துக் காட்டுகிறார்கள். அவர்களின் நுழைவுத் தேர்வான எம்கேட்டை அதற்குப் பிறகு எழுதுகிறார்கள். அந்தப் பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான்: நண்பர்கள் விண்ணப்பிக்கிற வருஷத்திலேயே உங்கள் மகளும் விண்ணப்பிக்க வேண்டும் என்று நெருக்காதீர்கள். ஒரு வருஷம் தள்ளிப் போனால் மேலே ஏறுகிற மார்க் இன்னும் இரண்டு செமஸ்டருக்குக் காகிதத்தில் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் பழகியவர்களிடம் ஒரு நல்ல பழக்கத்தைக் கண்டேன். ஏ.எல். பரீட்சையைப் பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று முறைதான் எடுக்கலாம் அங்கே. முதல் ஷையில், அதாவது முதல் முயற்சியில், மெடிசின் கிடைக்காவிட்டால் செக்கன்ட் ஷை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுக்கிறார்கள். பக்கத்து வீட்டில் யாரும் துக்கம் விசாரிக்க வருவதில்லை. நம் ஊரில் 'ரிப்பீட்டர்' என்ற சொல்லைப் பிள்ளையின் நெற்றியில் எழுதி ஒட்டுகிறோம்.

இந்த மாநிலத்தில் எல்லோரும் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தேனி மாவட்டம் சில்வார்பட்டி அரசுப் பள்ளியில் படித்த ஜீவித்குமார். அப்பா ஆடு மேய்ப்பவர். 2019-இல் முதல் முறை நீட் எழுதியபோது 720-க்கு 193. 2020-இல் 664. நாட்டிலேயே அரசுப் பள்ளி மாணவர்களில் முதலாவதாகப் பேசப்பட்டார், சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். மேடைகளில் இதை மன உறுதிக்கு உதாரணமாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். மன உறுதி இருந்தது உண்மை. கூடவே, அவரை நம்பிய ஆசிரியர்கள் இருந்தார்கள், பயிற்சிக்குப் பணம் கட்டியவர்கள் இருந்தார்கள், வேறு எந்தப் பாரமும் இல்லாமல் படிக்க முழுசாக ஒரு வருஷம் இருந்தது. 193-க்கும் 664-க்கும் நடுவில் இருப்பது அந்த ஒரு வருஷம். அதை யாராவது ஏற்பாடு செய்து கொடுக்க வேண்டும். அதே 2020-இல்தான் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டமானது. தண்டராம்பட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் இன்று வெள்ளைக் கோட்டோடு நடப்பதற்கு அந்தச் சட்டம் காரணம். பிள்ளை தனியாக மீள்வதில்லை.

நான் பார்க்கிற பெரிய ஆபத்து, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால். நீட்டில் குறைந்ததும் 'சும்மா இருக்க வேண்டாம்' என்று பி.எஸ்சி.யிலோ நர்சிங்கிலோ சேர்த்துவிடுகிறார்கள். காலையில் கல்லூரி, மாலையில் கோச்சிங். வருஷக் கடைசியில் கல்லூரியில் மூன்று அரியர், நீட்டில் பழைய மார்க்கை ஒட்டிய மார்க். இரண்டும் போனதும், 'நமக்குப் படிப்பே வராது' என்று அந்தப் பிள்ளை நம்பத் தொடங்குகிறது. அந்த நம்பிக்கையைக் கலைக்க எனக்கு மாதக்கணக்கில் ஆகிறது. குடும்பத்தால் முடிந்தால் ஒரு வருஷத்தை நீட்டுக்கு முழுசாகக் கொடுங்கள். முடியாவிட்டால் பட்டத்தை ஒழுங்காக முடிக்கட்டும், பிறகு எழுதலாம். வயது வரம்புதான் இல்லையே.

இனி விடைத்தாள். தேர்வு எழுதியவர் தன் திருத்தப்பட்ட விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் ஆதித்ய பந்தோபாத்யாய வழக்கில் 2011-இல் தீர்ப்புச் சொன்னது. பல பல்கலைக்கழகங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு நகல் தருகின்றன. நீட்டுக்கோ விடைக்குறிப்பும், நீங்கள் கறுப்பாக்கிய தாளின் படமும் இணையத்திலேயே கிடைக்கும். இவ்வளவு வசதி இருந்தும், என்னிடம் வருகிறவர்களில் விடைத்தாளோடு வருகிறவர் அரிது. மார்க் ஷீட்டோடு வருகிறார்கள். எவ்வளவு போயிற்று என்பதைத்தான் மார்க் ஷீட் சொல்லும். எங்கே போயிற்று என்று அதற்குத் தெரியாது.

எங்கள் தெருவில் ஒரு பெண், எம்.பி.பி.எஸ். முதலாண்டு, அனாடமியில் போய்விட்டாள். வந்து உட்கார்ந்தவள் தலை நிமிரவில்லை. "நான் முட்டாளா சார்?" என்றாள். நகல் வாங்கச் சொன்னேன். வந்தது. கை நரம்புகளின் பின்னல், பிராக்கியல் பிளெக்ஸஸ், அதைப் பற்றிய பெரிய கேள்வி. இரண்டு பக்கம் எழுதியிருந்தாள், ஒரு படம்கூட இல்லை. எழுதியதிலும் வாக்கியங்கள் சௌராசியாவின் அனாடமி புத்தகத்தில் இருப்பதுபோலவே தொடங்கி நடுவில் அறுந்துபோயிருந்தன.

"இதை எத்தன தடவ படிச்ச?"

"மூணு தடவ சார். கோடு போட்டுப் படிச்சேன்."

"மூடி வெச்சிட்டு ஒரு தடவயாவது எழுதிப் பாத்தியாம்மா?"

அவள் பதில் சொல்லவில்லை.

திரும்பத் திரும்ப வாசிப்பது படித்துவிட்டோம் என்ற உணர்வைத் தருகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியை நான்கு முறை வாசித்தவர்கள் ஒரு கூட்டம். ஒரு முறை வாசித்து, மூன்று முறை புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதியவர்கள் இன்னொரு கூட்டம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே மேல். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடு நினைவிருந்தது, நான்கு முறை வாசித்தவர்களுக்கு 40. கெட்டிக்காரப் பிள்ளைகள் முதலாண்டில் விழுவதன் ரகசியம் பாதி இதற்குள் இருக்கிறது. பள்ளியில் டெஸ்ட் மேல் டெஸ்ட் வைத்து மூடி எழுத வைத்தவர் வாத்தியார். கல்லூரியில் அதை யாரும் செய்ய மாட்டார்கள். பிள்ளை தானே செய்துகொள்ள வேண்டும். அதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தப் பெண் பழைய வெள்ளைத் தாள்களை எடுத்துக்கொண்டு தினமும் காலையில் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் முந்தின நாள் பாடத்தைப் படமாகப் போட்டாள். முதலில் பாதிப் படம்தான் வந்தது. விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்த்தாள். சில நாளில் சிவப்பு குறைந்தது. தவறுகளை ஒரு நோட்டில் வகை பிரித்து எழுதச் சொன்னேன்: தெரியாததால் போனவை, தெரிந்தும் கேள்வியைச் சரியாக வாசிக்காததால் போனவை, தெரிந்தும் நேரம் போதாமல் போனவை. எல்லாவற்றையும் அவள் முதல் வகை என்று நினைத்திருந்தாள். பாதிக்கு மேல் மற்ற இரண்டு வகைகளில் போய் விழுந்தன. அதைப் பார்த்தபோதுதான் அவள் முகம் மாறியது. துணைத்தேர்வில் தேறினாள், இப்போது ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறாள்.

ஆசிரமத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். 'பகவானே பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு வந்தவர்தானே' என்று தவறிய பிள்ளைக்கு ஆறுதல் சொல்வார்கள். 1896-இல் இலக்கணப் பாடத்தைப் பாதியில் வைத்துவிட்டு, அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று எடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டைக் கடிதத்தோடு வைத்துவிட்டுக் கிளம்பிய வேங்கடராமன் என்கிற பகவான், செப்டம்பர் முதல் தேதி இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு அந்தப் படிப்பில் நாட்டம் இல்லை, அதனால் விட்டார். மருத்துவராக வேண்டும் என்று உள்ளே எரிந்துகொண்டிருக்கிற பிள்ளையிடம் போய் இதைச் சொல்வது அந்தப் பிள்ளைக்கும் நியாயமில்லை, பகவானுக்கும் நியாயமில்லை. அவரிடமிருந்து அந்தப் பிள்ளை எடுத்துக்கொள்ளக்கூடியது வேறு: தனக்கு எது வேண்டும் என்பதில் கொஞ்சமும் குழப்பமில்லாமல் இருந்தது. மருத்துவம் பிள்ளைக்கு வேண்டுமா, பெற்றோருக்கு வேண்டுமா என்பதை விடைத்தாளோடு சேர்த்து ஒரு முறை பார்த்துவிடுங்கள். பெற்றோருக்குத்தான் வேண்டும் என்று தெரிந்தால், அந்தப் பிள்ளையை மறுபடி எழுதச் சொல்லாதீர்கள்.

பெற்றோரிடம் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். முடிவு வந்த இரவில் மார்க்கைப் பற்றிப் பேசாதீர்கள். அக்கா பிள்ளை எவ்வளவு, எதிர் வீட்டுப் பையன் எவ்வளவு என்று அன்றைக்கு வேண்டாம். செலவழித்த பணக் கணக்கும் வேண்டாம். சாப்பாடு போடுங்கள், தூங்கவிடுங்கள், தனியாக விடாதீர்கள். விடைத்தாளுக்கு விண்ணப்பிப்பதெல்லாம் நாலு நாள் கழித்துச் செய்யலாம். பிள்ளை சாப்பிடாமல், பேசாமல், உயிர் வாழ்வதே வீண் என்பதுபோல ஏதாவது சொன்னால், அதைக் கோபமாகவோ நாடகமாகவோ எடுத்துக்கொள்ளாமல் உடனே போனை எடுங்கள். தமிழ்நாட்டின் மருத்துவ உதவி எண் 104, மத்திய அரசின் மனநல உதவி எண் 14416. இரண்டிலும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.